கம்பெனி சைலன்சர்

“ஏம்பா, எந்தப் பொறுக்கிப்பய இதை வெச்சிருந்தான்?” என்று மெக்கானிக்கிடம் கேட்டபடி தணிக்கை அதிகாரி பட்டறையில் நின்ற தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைச் சுற்றி வந்தார். பின்னால் துணி காயப்போடும் அளவுக்கு ஓர் இறக்கை. அடிவயிற்றில் ஊதா விளக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக அந்த சைலன்சர். சாவியைத் திருப்பினால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

ஐம்பது வயதில் ஆசைப்பட்டு, புதிது கட்டுப்படியாகாமல், தரகர் மூலம் வாங்கிய வண்டி. அடுத்தவர் கணக்கில் ஒரு புள்ளி தவறினாலும் கண்டுபிடிக்கிறவர், இதில் நிறத்தைப் பார்த்து மயங்கிவிட்டார். அதை ஒப்புக்கொள்ள மனம் வராததால் பழைய சொந்தக்காரனைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார்.

தலைக்கு மஞ்சள் சாயம் அடித்துக்கொண்டு, அப்பன் காசில் ஊர் சுற்றுகிற ஒருவனை அவர் மனதுக்குள் வரைந்தே வைத்திருந்தார். காருக்குள் கிடந்த படிக்கிற கண்ணாடியைக்கூட, “தாத்தாவோடதைச் சுட்டுக்கிட்டு வந்திருக்கான்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

மெக்கானிக் மறுத்துப் பேசவில்லை. எல்லாம் தன் கையால் மாட்டியதுதான் என்று மட்டும் சொன்னார். இறக்கையையும் விளக்கையும் அப்புறம் கழற்றலாம், சைலன்சரை மட்டும் இன்றே மாற்றி, சத்தம் போடாத கம்பெனி சைலன்சரை மாட்டிவிடலாம் என்று முடிவானபோது, மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டீங்களா சார்?”

அதிகாரி தன் வீட்டில் யாரையும் எதுவும் கேட்பதில்லை. மற்றவர்கள்தான் அவரைக் கேட்க வேண்டும். அதுவும் இந்த வண்டி வந்த பிறகு வீட்டில் ஒழுங்கு கூடியிருந்தது. அவர் உள்ளே நுழையும்போது பிள்ளைகள் இருவரும் புத்தகத்துக்குள் தலையை விட்டிருப்பார்கள், டிவி அணைந்திருக்கும், மனைவி ஆவி பறக்கும் டீயுடன் நிற்பாள். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிற மனிதனுக்கு மரியாதை தானாக வரும் என்று அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

சாயங்காலம் கம்பெனி சைலன்சருடன் வண்டி வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. தினமும் தொண்டை கிழியக் குரைக்கும் எதிர்வீட்டு நாய்கூடத் தலையைத் தூக்கவில்லை. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

கதவு திறந்தே கிடந்தது. உள்ளே அவருடைய நாற்காலியில் அவர் மனைவி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவருடைய பழைய கண்ணாடி அவள் மூக்கு நுனியில் இருந்தது.

“இந்தத் தலகாணிக்கு உறை எங்கே? ஏன் இல்லைன்னு எழுத்துல விளக்கம் கொடு,” என்று அவள் அவர் குரலிலேயே அதட்டினாள். மகன் கைகட்டி நின்று, “உறை ராஜினாமா பண்ணிட்டுப் போயிடுச்சு சார்,” என்றான். மகள் தரையில் உருண்டு சிரித்தாள்.

“போதும்மா, அப்பா வந்துடப் போறாரு,” என்றாள் மகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“வண்டி தெருமுனைக்கு வரட்டும்டி. நமக்குக் கேக்காமலா போயிடும்? அதுக்குள்ள டீ போட்டுடுவேன்.”

அவருக்குக் கோபம் தலைக்கேறியது. அதட்டலாம் என்று வாயைத் திறந்தார். அதற்குள் மனைவி மறுபடியும் சிரித்துவிட்டாள்.

கல்யாணமான புதிதில் கேட்ட சிரிப்பு. வயதானதில் நின்றுபோனதென்று நினைத்திருந்தார். நிற்கவில்லை, தன் எதிரில்தான் வருவதில்லை என்று புரிந்தபோது அவருக்கு நெஞ்சு வலித்தது, வெட்கமாகவும் இருந்தது.

ஓர் அடி உள்ளே வைத்தால் அந்தச் சிரிப்பு இப்போதே நின்றுவிடும். வண்டிச் சத்தமும் இல்லையென்று தெரிந்துவிட்டால், நாளை முதல் மூன்று பேரும் எந்நேரமும் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் சிரிக்கப் போவதில்லை.

உள்ளே போய், ‘நானும் சேர்ந்துக்கறேன்’ என்று சொல்லலாம்தான். அதெல்லாம் அவருக்குப் பழக்கமில்லை. அந்த வயதில் குணத்தை மாற்றுவதைவிட சைலன்சரை மாற்றுவது சுலபமாகப் பட்டது. ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, சொந்த வீட்டிலிருந்து திருடன் மாதிரி பின்வாங்கினார்.

பட்டறையைப் பூட்டக் கிளம்பிய மெக்கானிக், காரைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. பழைய சைலன்சரை அவர் தூக்கிப் போடவும் இல்லை. துடைத்து, சுவரோரமாகச் சாத்தி வைத்திருந்தார்.

“அதையே மாட்டிடுப்பா. இறக்கை, விளக்கு எல்லாம் அப்படியே இருக்கட்டும்,” என்றார் அதிகாரி. உடனே கெத்தை விட மனமில்லாமல் முனகினார். “எந்தப் பொறுக்கியோ, எதுக்குத்தான் இதை மாட்டினானோ.”

“பொறுக்கி இல்ல சார், காலேஜ் பிரின்சிபால்,” என்றபடி மெக்கானிக் ஸ்பேனரை எடுத்தார். “அவரும் ஒரு நாள் சத்தமில்லாம வீட்டுக்குப் போயிட்டாரு.”