பிளஸ் சாரும் மைனஸ் மேடமும்

"அந்த மைனஸை அழிம்மா," என்றார் சார்.

கரும்பலகை முன்னால் நின்ற மாணவி அழித்தாள். விரலால் அழித்ததில் கொஞ்சம் மிச்சம் தெரிந்தது. அதையும் அழிக்கச் சொன்னார்.

"என் பரீட்சையில மைனஸ் வந்தா மார்க் வராது. மூணாவது தடவை எழுதப்போறே. இன்னும் எத்தனை தடவை சொல்லணும்?"

பின்வரிசை சிரித்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு இடத்துக்குப் போனாள்.

விஷயம் இதுதான். உருளைக்குள் இருக்கும் வாயு சூடாகிறது, விரிகிறது, பிஸ்டனைத் தள்ளுகிறது. அந்த வேலைக்குப் பிளஸ் போடுவதா, மைனஸ் போடுவதா? வெப்ப இயக்கவியல் நடத்தும் இந்தச் சாருக்கு அது பிளஸ். எஞ்சின் நமக்காக உழைக்கிறதே, அதற்கு யாராவது மைனஸ் போடுவார்களா என்பார். முதலாண்டில் வேதியியலோடு சேர்த்து அதே பாடத்தை நடத்தும் மேடத்துக்கு அது மைனஸ். பாவம், வாயுவின் கையை விட்டல்லவா சக்தி போகிறது என்பார். இரண்டும் புத்தகத்தில் உள்ள வழக்கம்தான். ஏதாவது ஒன்றைப் பிடித்தால் கணக்கு முடியும்வரை அதையே பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதில் ஒரே சிக்கல், சாரும் மேடமும் கணவன் மனைவி.

காலையில் ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்குவார்கள். மாடி ஏறியதும் ஆளுக்கொரு பக்கம். சார் வகுப்பில் "வேதியியல்காரங்க" என்று இழுத்தால், அடுத்த நாளே மேடம் வகுப்பில் "எஞ்சின்காரங்க" என்று பதில் வரும். மாணவர்கள் வைத்த பெயர் பிளஸ் சார், மைனஸ் மேடம். அந்த வீட்டில் யார் பாத்திரம் கழுவினாலும், அது யாருக்குப் பிளஸ் என்று விடியும்வரை சண்டை நடக்கும் என்று பேசிக்கொண்டார்கள்.

இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் இந்தப் பெண்தான். முதலில் படித்தது மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. மைனஸில் ஆரம்பிப்பாள். பாதியில் சாரின் முகம் ஞாபகம் வரும். பிளஸுக்குத் தாவுவாள். விடை ரெண்டுங்கெட்டானாக வந்து நிற்கும். அப்படியே சாரின் தாளில் இரண்டு தடவை தோற்றிருந்தாள். மற்ற எல்லாத் தாளும் தேறி, ஒரு நல்ல வேலையும் கிடைத்துவிட்டது. இந்த ஒரு தாளும் தேறினால்தான் அந்த வேலை அவளுக்கு.

பரீட்சையன்று பெரிய கணக்கு ஒன்று வந்தது. பதற்றத்தில் மளமளவென்று எழுதி முடித்து, கடைசி வரியில்தான் நிமிர்ந்து பார்த்தாள். முதலிலிருந்து கடைசிவரை மைனஸ். திருத்துவதற்குப் பேனாவைத் திறந்தாள். மணி அடித்துவிட்டது.

நேரே மேடத்திடம் ஓடினாள். நடந்ததைச் சொல்லி, சாரிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்டு அழுதாள்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்ல ஆளைப் பிடிச்சே போ. நான் சிபாரிசு பண்ணினா இருக்கிற மார்க்கும் போயிடும். என் தாள்ல பிளஸ் போட்டா நானும்தான் விடமாட்டேன். அவர்கிட்ட எந்த முகத்தை வெச்சுக்கிட்டுக் கேட்பேன்?"

பொருத்தம் பார்த்துத்தான் சேர்ந்திருக்கிறார்கள், வீம்புக்கு வீம்பு என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வீடு போனாள். மூன்று வாரம் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. அம்மா கேட்டபோதெல்லாம் வெயில் என்று சொல்லிவைத்தாள்.

முடிவு வந்தது. தேறியிருந்தாள். அந்தக் கணக்குக்கு முழு மார்க் விழாமல் அந்த மொத்தம் வந்திருக்காது.

சந்தோஷம் ஒரு மணி நேரம் இருந்தது. பிறகு பயம் பிடித்துக்கொண்டது. யாரோ தவறுதலாகப் போட்ட மார்க்காக இருந்து, வேலையில் சேர்ந்த பிறகு தெரியவந்தால்? தேர்வுப் பிரிவில் மார்க்குகளைச் சரிபார்க்கும் அக்காவிடம் போய், தன் தாளை ஒருமுறை பார்க்கச் சொன்னாள். மார்க் குறைந்துவிட்டது என்று தினமும் பத்துப் பேர் வருகிறார்கள், கூடிவிட்டது என்று வந்த முதல் ஆள் நீதான் என்று சொல்லிக்கொண்டே அக்கா விடைத்தாள் கட்டைப் பிரித்தார்.

கணக்கின் ஓரத்தில் சாரின் சிவப்பு எழுத்து இருந்தது. 'தொடங்கியது மைனஸ், முடித்ததும் மைனஸ். சரி.'

"மைனஸ் போட்டா மார்க் வராதுன்னாரேக்கா?"

"வகுப்புல அப்படித்தான் சொல்வார். அங்கே விட்டுக்கொடுத்தா பிள்ளைங்க பாதிக் கணக்குல தாவிடுவாங்களாம். பன்னிரண்டு வருஷமா பார்க்கிறேன், தாவாம எழுதின யாருக்கும் அவர் அரை மார்க்குகூடக் குறைச்சதில்ல. வெளியே சொல்லிடாதே. 'வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சா என் மானம் போயிடும்'னு என்கிட்ட கெஞ்சியிருக்கார்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வாரம் திட்டியதெல்லாம் ஒன்றொன்றாக ஞாபகம் வர, வெட்கமாகவும் இருந்தது. அப்படியானால் மேடம் மட்டும்தான் கறார் போலிருக்கிறது என்றாள்.

அக்கா பக்கத்துக் கட்டை அவள் பக்கம் தள்ளினார். முதலாண்டில் தோற்று, மேடத்தின் தாளை இப்போது எழுதியவர்களின் கட்டு அது. இடையில் சாரிடம் படித்த பழக்கத்தில் பாதிப் பேர் பிளஸ் போட்டிருந்தார்கள். கடைசிவரை தாவாத ஒவ்வொரு கணக்குக்கும், மேடத்தின் பச்சை மையில் முழு மார்க்.

"மேடமும் என்கிட்ட வந்து கெஞ்சிட்டுத்தான் போனாங்க," என்றார் அக்கா. "அதே வாக்கியம்தான். வீட்டுக்காரின்னு அவர் சொன்ன இடத்துல இவங்க வீட்டுக்காரர்னாங்க. குறி மட்டும்தான் வேற."