பத்தில் ஒரு பங்கு

துடைக்கத் துடைக்கப் பரவியது.

கைக்குட்டையின் நுனியை எச்சிலில் நனைத்து மறுபடியும் ஒற்றினார். கறுப்பு போஸ்டர் கலர். வெள்ளை சார்ட் பேப்பர். ராக்கெட்டின் நட்ட நடு வயிற்றில்.

முழங்கை பட்டுக் கிண்ணம் சாய்ந்துவிட்டது.

வெளியே லாரிக்காரன் இரண்டாவது தடவை ஹாரன் அடித்துவிட்டான். மற்றவர்கள் மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நிமிடம். மிஞ்சினால் மூன்று.

கறையைக் கண்டால், வேறெங்கும் வழிந்திருக்கிறதா என்று உருட்டிப் பார்ப்பார்கள்.

உருட்டக் கூடாது.

இயற்பியல் ஆய்வகத்தில் நான்கு பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் ராக்கெட்டைப் படுக்க வைத்திருந்தார்கள். பதினாலு அடி. அசலில் பத்தில் ஒரு பங்கு. உள்ளே அட்டை வளையங்கள், மேலே காகிதம். கம்பி கிடையாது, மரம் கிடையாது, ஓர் ஆணி கிடையாது.

செய்தவன் பி.டி. வாத்தியார் சுடலைமணி.

அதுதான் இவருக்குத் தாங்கவில்லை.

இவர் ஓவிய ஆசிரியர். இருபத்திரண்டு வருடமாக இந்தப் பள்ளியிலிருந்து மாவட்டக் கண்காட்சிக்குப் போனதெல்லாம் அவர் கைவேலை. தெர்மகோல் அணை. புகை விடும் எரிமலை. தலைமை ஆசிரியை அறையில் நிற்கும் ஆறு கோப்பைகளும் அவர் கொண்டுவந்தவை.

சுடலைமணி கபடியில் காலை ஒடித்துக்கொண்டான். கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்தவன், பொழுது போகாமல் ஒரு சார்ட்டைச் சுருட்டினான். கட்டைப் பிரித்த பிறகும் சுருட்டுவதை விடவில்லை. நாலே மாதம்.

முந்தாநாள் தலைமை ஆசிரியை வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு இவர் பக்கம்தான் திரும்பினார்.

"இத்தனை வருஷமா இந்தக் கைய விசில் ஊத விட்டுட்டோமே, சார்."

அன்றைக்குத் தின்ற சோறு இன்னும் நெஞ்சிலேயே நின்றது.

சுடலைமணி அவருக்கு ஒரே ஒரு வேலையை மிச்சம் வைத்திருந்தான். பக்கவாட்டில் பள்ளியின் பெயரை எழுதித் தரும் வேலை. எழுத்து என்றால் அண்ணாச்சிதான் என்றான். அது மரியாதையா, பிச்சையா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

எழுதினார்.

கதவு திறந்தது.

கைக்குட்டையைப் பைக்குள் திணிப்பதற்குள் சுடலைமணி பக்கத்தில் வந்துவிட்டான். கழுத்தில் விசில். அவன் கண் நேரே கறையில் போய் நின்றது.



"பொட்டு வச்சிட்டியளா, அண்ணாச்சி?"

அவர் கைக்குட்டையை முழுதும் பைக்குள் தள்ளினார்.

"நானும் நாலு நாளா நெனைக்கேன், மறந்து மறந்து போவுது. ஊர்க்கண்ணு பொல்லாததுல்லா." விரலை வைத்துக் கறையை வட்டமாகத் திருத்தினான். "நம்ம மேல பிரியம் உள்ள ஆளுக்குத்தான் இதெல்லாம் தோணும்."

அவர் தலையை ஆட்டி வைத்தார்.

ஆட்கள் வந்தார்கள். ஏழு பேர். தூக்குகிற நேரத்தில் அவர் முந்திக்கொண்டு நடுவில் புகுந்தார். இரண்டு கையையும் அடியில் கொடுத்தார்.

லாரியில் விளையாட்டு அறை மெத்தைகளை விரித்திருந்தார்கள். வைத்ததும் மற்றவர்கள் இறங்கிக்கொண்டார்கள். அவர் இறங்கவில்லை. மெத்தை மேல் சம்மணம் போட்டு, ராக்கெட்டை மடியில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சார், இதுகூடவே நீங்களும் மேல போப்போறியளா?" என்றான் லாரிக்காரன்.

எல்லோரும் சிரித்தார்கள்.

"ஏல, சும்மா கெட," என்றான் சுடலைமணி. "அண்ணாச்சி பச்சப்புள்ளயப் புடிச்ச மாதிரிப் புடிச்சிருக்காக, பாரு."

நாற்பது கிலோமீட்டர்.

வேகத்தடை வரும்போதெல்லாம் மூச்சைப் பிடித்தார். கை மரத்தது. மூக்கு அரித்தது. சொரியக் கை இல்லை.

எதிரே வந்த பஸ்களில் ஜன்னலுக்கு ஜன்னல் தலை நீட்டினார்கள். கையசைத்தார்கள். முன்சீட்டிலிருந்து சுடலைமணியும் கையை வெளியே விட்டு, மாப்பிள்ளை ஊர்வலம் போல அசைத்துக்கொண்டே வந்தான்.

அவருக்கு வந்திருக்க வேண்டிய கையசைப்பு.

பெருவிரலை மட்டும் மேல்பக்கம் நகர்த்தித் தடவிப் பார்த்தார். மேடு இல்லை. சுருக்கம் இல்லை. எங்கே தொடங்கி எங்கே ஒட்டினான் என்று விரலுக்குக்கூடத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவருடைய ஓர் ஒட்டுகூட இப்படி அமைந்ததில்லை.

வயிறு எரிந்தது.

பிடியை விடவில்லை.

கண்காட்சித் திடல். நடுவர்கள் வாசலுக்கே வந்து நின்றார்கள். கூட்டம் லாரியைச் சுற்றிக்கொண்டது. சுடலைமணி குதித்து ஓடி வந்து பின்கதவைத் தள்ளித் திறந்தான். முகமெல்லாம் பல்.

"எடம் வந்துட்டு அண்ணாச்சி. இனி கைய எடுங்க."

அவர் எடுக்கவில்லை.

"எடுங்க. அவுக முழுசாப் பாக்கட்டும்."

எடுக்க முடியாது.

உள்ளங்கைகள் தாங்கியிருந்த இடத்தில் இருந்தது வெட்டு. பாதிச் சுற்று. காலையில், எல்லோரும் டீக்குப் போனதும், அவரே ப்ளேடால் இழுத்தது.