ஏழு நிற மை

"எல்லாரும் ஒரு தடவை கிறுக்கிப் பாத்துக்குங்க. உள்ள போயிட்டு எழுதலைன்னு வந்து நிக்கக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே ஆளுக்கொரு பேனாவைக் கொடுத்தார் கொறடா. தேர்வுக்குப் போகும் பிள்ளைகள் மாதிரி எல்லாரும் கிறுக்கினார்கள். அத்தனையும் நரைத்த தலைகள். சிலருக்கு நரைக்கவும் ஒன்றும் மிச்சமில்லை.

ஆளுங்கூட்டணிக்கு அறுபத்தொரு பேர், எதிரணிக்கு அறுபது. இன்று நம்பிக்கை வாக்கெடுப்பு. ஒரே ஒருவர் காலை வாரினாலும் ஆட்சி அம்பேல்.

அந்த அவையில் வாக்கு ரகசியம். மறைப்புக்குப் பின்னால் மேஜையோடு ஒரு கறுப்புப் பேனாவைச் சாண் நீளக் கயிற்றில் கட்டியிருப்பார்கள். 'ஆம்' அல்லது 'இல்லை' என்று எழுதிப் பெட்டியில் போட வேண்டும். ரகசியம் என்றால் துரோகிக்குக் கொண்டாட்டமாயிற்றே! அதனால்தான் கூட்டணியின் ஏழு கட்சிக்கும் ஏழு நிற மை. எந்த நிறத்தில் 'ஆம்' குறைகிறதோ, அந்தக் கட்சி மாட்டிக்கொள்ளும்.

"தலைவரே, உங்களுக்கு நீலம். நம்ம கட்சிக்கு மொத்தம் முப்பது" என்று கடைசிப் பேனாவை நீட்டினார் கொறடா. பிரதமர் வாங்கிச் சட்டைப்பையில் செருகிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

நாற்பது நாள் வீடு வீடாக அலைந்து இந்த ஏழு கட்சியையும் ஒட்டவைத்தவர் கொறடா. பதினோரு மாதமாகப் பஞ்சாயத்துதான். ஒருவர் கேட்ட துறையே இன்னொருவருக்கும் வேண்டும். ஒருவர் சிரித்தால் இன்னொருவருக்கு முகம் சுருங்கும். பிரதமர் மூன்று முறை ராஜினாமாக் கடிதம் எழுதினார். மூன்றையும் கிழித்துப் போட்டார் கொறடா. பெற்ற பிள்ளை மாதிரி அவருக்கு இந்த ஆட்சி.

"இன்னிக்கு மட்டும் தாண்டிட்டா போதும் தலைவரே. இன்னும் நாலு வருஷத்துக்கு உங்களை எவனும் அசைக்க முடியாது."

"நாலு வருஷமா?" என்றார் பிரதமர்.

ஒவ்வொருவராக மறைப்புக்குள் போய் வந்தார்கள். பிரதமர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். மனிதர் ஓய்ந்துபோய்விட்டார், பாவம், என்று நினைத்துக்கொண்டார் கொறடா.

சீட்டுகளை எண்ணினார்கள். ஆதரவு அறுபது, எதிர்ப்பு அறுபத்தொன்று. எதிர்ப்பு எல்லாமே கறுப்பு மை. பச்சை, சிவப்பு, ஊதா என்று தோழமைக் கட்சிகளின் 'ஆம்' ஒன்றுகூடக் குறையவில்லை. நீலம் மட்டும் இருபத்தொன்பது.

"எங்களை நம்பாமத்தானே கலர் கலரா பேனா கொடுத்தீங்க? ஓட்டை உங்க பானையிலதான்யா!" என்று பச்சை மைக் கட்சிக்காரர் எல்லார் முன்னாலும் சிரித்தார்.

கொறடாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தன் கட்சிக்காரர்களை ஒவ்வொருவராகப் பிடித்து உலுக்கினார். பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். ஒருவர் கோபத்தில் அந்த நீலப் பேனாவையே அவர் காலடியில் விட்டெறிந்துவிட்டுப் போனார்.

பிரதமரின் அறைக்குப் போனார் கொறடா. பிரதமர் சோபாவில் குப்புறப் படுத்திருக்க, அவர் இடுப்பில் மனைவி தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மானம் போச்சு தலைவரே. நம்ம ஆள் எவனோ கறுப்புப் பேனாவைத் தொட்டிருக்கான். எவன்னுதான் கண்டுபிடிக்க முடியலை. என்னை மன்னிச்சிடுங்க" என்றவர், அதற்கு மேல் முடியாமல் அழுதே விட்டார்.

"அழாதே தம்பி. வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்கு." பிரதமர் கண்ணைத் திறக்கவில்லை. "போறப்ப அந்தக் கறுப்புப் பேனாவுக்குக் கொஞ்சம் நீளமான கயிறா கட்டச் சொல்லிட்டுப் போ. குனிஞ்சு எழுதினதுல இடுப்பு பிடிச்சுக்கிச்சு."