அரிசிம்பருப்பு வாசம்

அரிசிம்பருப்புச் சோறு அடியில் பிடிக்கத் தொடங்கிவிட்டது.

அவள் தீயைக் குறைக்கவில்லை.

முதலில் வந்தது வறுபட்ட பருப்பின் வாசம். அது நல்ல வாசம்தான். ஒரு முறை கிளறியிருந்தால் அங்கேயே நின்றிருக்கும். அவள் கரண்டியைக் குண்டாவின் மூடிமேல் கவிழ்த்து வைத்தாள்.

அடுத்து வந்தது கருகல்.

கூடத்தில் பேச்சு ஒரு கணம் நின்றது. அவள் கணவனின் குரல் மட்டும் நிற்கவில்லை.

அவன் தன் அண்ணனிடம் சமையல்காரர்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தான். அண்ணன் மகளுக்குத் தையில் கல்யாணம். முகர்ந்தே பக்குவம் சொல்லிவிடுவான் என்பது பங்காளிகளிடையே அவனுக்குள்ள பெயர். எந்தப் பந்தியிலும் முதல் கரண்டி அவன் மூக்குக்குத்தான் போகும். அவன் தலையசைத்த பிறகே இலை விரியும். அவன் சொன்னது சரிதானா என்று எவரும் சோதித்ததில்லை.

"நீ மோந்து பாத்துச் சொன்னாத்தான் நம்மூட்டுக் கல்யாணத்துல சோறு, சாமி," என்றார் அண்ணன்.

அண்ணி சமையலறை வாசலுக்கு வந்தாள். சேலைத் தலைப்பு மூக்கின்மேல் இருந்தது. குரலைத் தாழ்த்தினாள்.

"என்ன புள்ள, புடிக்க உட்டுட்டியா? வேற ஒல வெய்யி, நானுங்கூட வாறன். உன்ற ஊட்டுக்காரன் வாயில உளுந்து எந்திரிக்கோணுமா?"

"இருக்கட்டுங்கக்கா."

"இருக்கட்டும்ங்கறா பாரு!"

கல்யாணமான மறுநாள் அவள் சமைத்ததும் அரிசிம்பருப்புதான். அவன் ஒரு கவளம் எடுத்தான். மூக்கருகே கொண்டுபோனான். கண்களை மூடினான். பருப்பில் பச்சை வாசம் என்று சொல்லித் தட்டை நகர்த்தினான். அவள் மறுபடியும் உலை வைத்தாள்.

பிறகு அது வழக்கமாயிற்று. அவன் முகர்வான். அவன் சொல்லும்வரை அவள் நிற்பாள்.

சீரகம் பழசு. நெய்யில் பாத்திர வாடை. வெங்காயம் வதங்கவில்லை.

அவள் முதலில் தன் கையை நம்பாமலானாள். பிறகு தன் மூக்கையும்.

போன வாரம் அவனுக்குச் சளி விடவில்லை. மருத்துவர் திரைக்கு அப்பால் அவனைக் கண்மூடச் சொல்லி ஒவ்வொன்றாக நீட்டினார். காப்பித் தூள். கற்பூரம். கிராம்பு. திரைக்கு இப்பால் உட்கார்ந்திருந்த அவளுக்கு எல்லாம் மணத்தன.

அவனால் ஒன்றைக்கூட இன்னதென்று சொல்ல முடியவில்லை.

எவ்வளவு நாளாக என்று மருத்துவர் கேட்டார்.

"வெவரந் தெரிஞ்ச நாள்ல இருந்தே எந்த வாசமும் தெரியாதுங்க."

அவள் காதில் விழாது என்று எண்ணியிருந்தான்.

அன்று வீடு திரும்பியதும் உண்ண உட்கார்ந்தான். முகர்ந்தான். பெருங்காயம் பச்சையாக அடிக்கிறது என்று தட்டை நகர்த்தினான்.

அவள் அன்றும் உலை வைத்தாள்.

இப்போது அடுப்பை அணைத்தாள். மேற்சோறு மஞ்சளாக, குழைவாக, கண்ணுக்குக் குற்றமின்றி இருந்தது. கருப்பு அடியிலேயே நின்றுவிட்டது. நெடி மட்டும் ஒவ்வொரு பருக்கையிலும் ஏறியிருந்தது. மேலாக அள்ளி மூன்று தட்டுகளில் வைத்தாள். நெய் விட்டாள். அப்பளத்தை ஓரத்தில் சாய்த்தாள்.

அண்ணன் தட்டைப் பார்த்தார். அண்ணி அண்ணனைப் பார்த்தாள்.

இந்த வீட்டில் வாசத்தைப் பற்றிப் பேசும் உரிமை ஒருவனுக்கே உண்டு. தட்டு நகர்வதற்காக அவர்கள் காத்திருந்தார்கள். அவளுக்காக முன்கூட்டியே வருந்தவும் செய்தார்கள்.

அவன் ஒரு கவளம் எடுத்தான். மூக்கருகே கொண்டுபோனான். கண்களை மூடினான்.

"சீரகம் ஒரு சிட்டிகை தூக்கல்," என்றான். "மத்தபடி மணம் நல்லா எறங்கியிருக்குது."

அண்ணனின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவே நின்றது. அண்ணியின் இடக்கை தலைப்பை மூக்கோடு அழுத்தியபடியே இருந்தது.

அவன் கண்களைத் திறந்தான். அண்ணனைப் பார்த்தான். அண்ணியின் தலைப்பைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். தட்டில் அவனால் எதையும் கண்டுபிடிக்க இயலவில்லை.

கடைசியாக அவளைப் பார்த்தான்.

அவள் வழக்கம்போல் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏனுங்க, வேற ஏதாச்சும் வாசம் வருதுங்களா? நல்லா மோந்து பாத்துச் சொல்லுங்க."

அவன் கவளத்தை மறுபடியும் உயர்த்தினான். மூச்சை ஆழமாக இழுத்தான். இன்னும் ஆழமாக இழுத்தான்.

மூவரும் காத்திருந்தார்கள்.