ஒரே டேக்கில்

போருக்குப் புறப்படும் சாமுராயை வாசலில் நின்று வழியனுப்பும் கினுயோவுக்கு வனஜாதான் தமிழ்க்குரல். அந்த ஜப்பானியக் கதை கார்ட்டூனாக வந்தபோதும் தொடராக வந்தபோதும் அவளே; இப்போது சினிமா. எதிலும் அந்த சாமுராய் திரும்பி வருவதில்லை. கினுயோவின் உதடசைவுக்குள் "போங்க" மட்டும்தான் அடங்கும். புறப்படுகிறவரிடம் அப்படி மொட்டையாகச் சொல்லி வளர்ந்த வாயா வனஜாவுடையது? ஒவ்வொரு முறையும் "போயிட்டு வாங்க" என்றே வரும். கினுயோ வாயை மூடிய பிறகும் "வாங்க" கேட்கும். மறுபடியும் டேக்.

இன்று அலுத்த குரலில் "போங்க" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து ஒலிப்பதிவாளர் டேவிட் கத்தினான்: "அக்கா, ஒரே டேக்ல ஓகே! வீட்லயே சொல்லிப் பாத்துட்டு வந்தீங்களா?"

வனஜா ஹெட்போனைக் கழற்றினாள். காலையில் பெட்டியோடு படியிறங்கிய கணவர், அடுத்த சொல்லுக்காகக் கொஞ்சநேரம் நின்றுதான் பார்த்தார்.