சொல்லக்கூடாத பாட்டுக்காரர்

"ஒரே ஒரு தடவை சொல்லிடேன்டி. நான் காதைப் பொத்திக்கிறேன்" என்று கெஞ்சினாள் ரைகுல்.

மருமகள் சந்துகாஷ் தேநீர்க் கிண்ணத்தை நீட்டியபடி தலையைக் குனிந்துகொண்டாள். "மாமனார் பேரை மருமக வாயால சொல்றதா? கல்யாணத்தன்னைக்கு நீங்கதானே அத்தை சொல்லிக் கொடுத்தீங்க."

இந்த வீட்டுக்கு வந்த நாளாக ரைகுலும் புருஷன் பெயரைச் சொன்னதில்லை. கஸாக் வீட்டு வழக்கம் அப்படி. வந்த வினை என்னவென்றால், அவர் உயிராய் ரசிக்கிற, தோம்ப்ரா என்ற இரட்டைத் தந்தி வாத்தியம் மீட்டிப் பாடும் பாடகருக்கும் அதே பெயர்.

பக்கவாதம் வந்து கிழவரின் பேச்சு நின்று இரண்டு மாதம் ஆகிறது. விரல் நீண்டால் போதும், ரைகுல் ஓடிப்போய் எடுத்துக் கொடுப்பாள். இனி பேசுவாரோ மாட்டாரோ என்பதுதான் அவள் கவலை. பாட்டாவது கேட்கட்டும் என்று மகன் ஓர் இணைய ரேடியோவை வாங்கி, வீட்டார் குரலுக்கு மட்டும் பணியும்படி பழக்கிவிட்டு, எண்ணெய் வயல் வேலைக்குப் போயிருந்தான். பாடகர் பெயரைச் சொன்னால் பாடும். கேட்கக் கேட்க நம் ரசனையையும் கற்றுக்கொள்ளுமாம்.

சந்துகாஷ் கற்றுக்கொடுத்த லட்சணம் இருக்கிறதே! "அந்தக் கனத்த குரல் அண்ணன் பாட்டைப் போடு" என்பாள். அது ரஷ்ய ராப் போடும். இப்போது தானாகவே காலையில் ராப்போடுதான் தொடங்குகிறது. கிழவர் ரேடியோவைச் சுட்டிச் சுட்டி முகம் சிவப்பார். இவளோ ஒன்றும் புரியாதவள்போல் சத்தத்தைக் கூட்டுவாள். மகன் வந்ததும் இவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்றே ரைகுல் முடிவு செய்துவிட்டாள்.

அன்றும் ராப் தொடங்கியது. கிழவர் மேசையைத் தட்டினார், உறுமினார். கழுத்து நரம்பு புடைத்தது.

"ஒ... ராஸ்... பெக்!"

குழறலாகத்தான் வந்தது. ஆனாலும் ரேடியோ புரிந்துகொண்டது. தோம்ப்ரா ஒலித்தது.

ரைகுல் அழுதேவிட்டாள். சந்தோஷத்தில் மருமகளைத் தேடினால் ஆளைக் காணோம். சமையலறைக்குள் நின்று கைபேசியில் ஆஸ்பத்திரிக்குப் பேசிக்கொண்டிருந்தாள். நோயாளியின் பெயரைக் கேட்டார்கள் போலிருக்கிறது.

"ஒராஸ்பெக்" என்றாள் சந்துகாஷ், தயக்கமே இல்லாமல். "அத்தை எல்லாத்தையும் எடுத்துக் கொடுத்துடறாங்க, இந்தப் பாட்டு ஒண்ணைத்தான் என்னால தடுக்க முடிஞ்சது. வாய் திறந்து கேக்குற வரைக்கும் கொடுக்காதேன்னு டாக்டர் சொன்னாரில்ல? கேட்டுட்டார்னு சொல்லுங்க."