பழைய துப்பாக்கிக்குக் கடைசி வாய்ப்பு

"இன்னும் எத்தனை தடவைதான் அந்தத் திருகை முறுக்குவீங்க?" என்றாள் உர்சினா. கிராமத்துச் சுடுகளத்தில், அடுத்த விரிப்பில் தன் புதுத் துப்பாக்கியுடன் அவள் படுத்திருந்தாள்.

அவள் கணவர் கஸ்பாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்விஸ் ராணுவம் கழித்துவிட்ட தன் பழைய துப்பாக்கியின் குழலைத் துலக்கி, மரப்பிடியை இழைத்து, குறிபார்க்கும் முனையைச் சீராக்குவதிலேயே குளிர்காலம் முழுவதையும் அவர் செலவிட்டிருந்தார். இன்றும் குறி தவறினால் அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடுவதாக மனைவிக்கு வாக்களித்திருந்தார்.

"நீ உன் வேலையைப் பாரு. இன்னிக்கு நடுப்புள்ளி தப்பாது."

ஆளுக்கு ஐந்து குண்டுகள் சுட்டு முடித்தார்கள். இலக்குப் பலகைகளைப் பார்வையிட்ட ஃப்ளூரினின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது.

"கஸ்பார், உன் பலகைல ஒரு கீறல்கூட இல்லப்பா."

"காத்தைச் சுட்டீங்களோ? அருங்காட்சியகத்துல நல்ல இடமாக் கேட்டு வைக்கிறேன்" என்று சிரித்தாள் உர்சினா.

"இரும்மா, நான் இன்னும் முடிக்கல. உன் பலகைல பத்து ஓட்டை இருக்கு. ஓரத்துல சிதறிக் கிடக்கிற அஞ்சும் சின்னது, உன் புதுத் துப்பாக்கியோடது. நடுப்புள்ளில இருக்கிற அஞ்சும் பெரிசு. அது பழைய துப்பாக்கிக் குண்டுதான்."

துப்பாக்கியைப் பற்றிய பதற்றத்தில், பலகையின் எண்ணைப் பார்க்க மறந்திருந்தார் கஸ்பார்.

உர்சினா அந்தப் பழைய துப்பாக்கியை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இனிமே இதை நான் சுடுறேன். நீங்க பக்கத்துல உக்காந்து நம்பரைப் பாத்துச் சொல்லுங்க."